யேலின் மன்னிப்பும் மெட்ராஸ் கணக்கும்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1719 வாக்கில் வரைந்தது. மேசையைச் சுற்றி விக் வைத்த துரைமார்கள், மதுக் கோப்பைகள், புகைக்குழாய்கள், பின்னால் விளையாடும் பிள்ளைகள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். பத்து வயது இருக்கலாம். நல்ல உடுப்புதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் கழுத்தில் ஒரு உலோகப் பட்டை. உற்றுப் பார்த்தால் அதில் ஒரு பூட்டுத் தொங்குவது தெரியும். நகை என்று யாரும் சமாளிக்க முடியாத பூட்டு.

நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எலிஹு யேல். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவருடைய சொத்தின் பெரும்பகுதி நம்ம ஊரில் சேர்ந்தது.

2020 அக்டோபரில் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். கழற்றிப் பரணில் போட்டுவிடவில்லை. வரைந்த காலம், சட்டகம், படத்தில் இருப்பவர்கள், அந்தப் பையன் என்று எல்லாவற்றையும் ஒரு குழு ஆராய்ந்தது. 2022ல் புதிய விளக்கக் குறிப்போடு மறுபடி மாட்டினார்கள். தலைப்பும் மாறியது. முன்பு துரைமார்களின் பெயர் வரிசையாக வந்து, கடைசியில் பையன் ஒட்டிக்கொண்டிருப்பான். இப்போது ‘அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை’ என்று தலைப்பிலேயே வருகிறது. அவன் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு கல்வி நிறுவனம் தன் இனவெறி வரலாற்றுக்குப் பொறுப்பேற்கிறது என்றால் என்னென்ன செய்யும், எங்கே சறுக்கும் என்று பார்க்க யேலைவிட நல்ல உதாரணம் குறைவு. சில வேலைகளை அபாரமாகச் செய்தது, ஒன்றிரண்டில் மூக்குடைபட்டது. பணம் என்று வந்தபோது கையைச் சுருக்கிக்கொண்டது. இதில் ஒரு பக்கம் மெட்ராஸ் கணக்கு. அதை இன்னும் யாரும் சரியாகப் புரட்டவில்லை.

முதலில் மெட்ராஸ். எலிஹு யேல் 1672ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண எழுத்தராக ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம் அவருடையதுதான், 1680 நவம்பர் 4. 1687லிருந்து 1692 வரை கவர்னர். அவருடைய சிறு வயது மகன் டேவிட்டின் சமாதி இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அதை இடம் மாற்ற வேண்டுமா என்று 2023ல் அந்த நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்தது. பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

யேல் கவர்னரான 1687 சோழமண்டலக் கரைக்குப் பொல்லாத வருஷம். ஒருபக்கம் பஞ்சம், இன்னொரு பக்கம் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்த போர். சோற்றுக்கு வழியில்லாமல் கரைக்கு வந்த சனங்களை வாங்கிக் கப்பலேற்றுவது லாபத் தொழிலானது. அந்த ஆண்டில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் ஜார்ஜ் கோட்டையிலிருந்து அடிமைகளாக ஏற்றுமதியானதைக் கம்பெனியின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிப் போக வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது யேல் தலைமையில் கூடிய கவுன்சில். திருட்டுக் குற்றத்துக்குப் பிடிபட்டவர்களைச் சூடு போட்டு அடிமையாக அனுப்பிய தண்டனைகளும் அதே ஏட்டில் உண்டு. 1688ல் கவுன்சிலே இந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மனம் மாறி அல்ல. முகலாய அதிகாரிகள் கடுமையாக ஆட்சேபித்தார்கள், வணிகம் கெட்டுவிடும் என்ற பயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘யேல் அடிமை வியாபாரி’ என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். அவர் சொந்தமாக எத்தனை பேரை வாங்கி விற்றார் என்பதற்கு நேரடிச் சான்று தேடினால் கையில் ஒன்றும் நிற்காது. சொத்தில் பெரும்பங்கு துணியிலும் வைரத்திலும் வந்தது. அவர் தலைவராக உட்கார்ந்து கையெழுத்திட்ட ஆட்சி ஆள் விற்றது என்பதுதான் நிற்கும் குற்றச்சாட்டு. குறைத்துச் சொன்னாலும் அதுவே போதும்.

1718ல் கனெக்டிகட்டில் பணமில்லாமல் திணறிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு லண்டனிலிருந்து அவர் ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். கூடவே 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கை விற்றதில் 562 பவுண்டு 12 ஷில்லிங் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. உலகத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பெயரை வேறு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இனி 2024 பிப்ரவரி 16. அன்று யேல் நிர்வாகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அன்றைக்கே வரலாற்றாசிரியர் டேவிட் ப்ளைட் தலைமையிலான குழு எழுதிய வரலாற்று நூலையும் வெளியிட்டது. ஆய்வு தொடங்கியது 2020 அக்டோபரில், ஆக மூன்று வருஷத்துக்கு மேல் உழைப்பு. நூலின் மின்பதிப்பு யாருக்கும் இலவசம். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆய்வு, பிறகு நூல், நூலோடு சேர்த்து மன்னிப்பு. பல பள்ளிகளும் கல்லூரிகளும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 2020ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு ஒரே வாரத்தில் அறிக்கை விட்டவர்கள் எத்தனையோ. ‘வருந்துகிறோம், கற்றுக்கொள்கிறோம்’ என்று எழுதிவிடலாம். எதற்கு வருந்துகிறோம் என்று ஆண்டும் ஆளும் சொல்ல ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அது இல்லாத அறிக்கையை அடுத்து வரும் நிர்வாகம் எந்தச் சிரமமும் இல்லாமல் கைகழுவிவிடும்.

உட்கார்ந்து தேடியதில் கிடைத்தது நிறைய. கல்லூரியை நிறுவியவர்கள், ஆரம்பகாலத் தலைவர்கள், அறங்காவலர்கள் சேர்ந்து அடிமைகளாக வைத்திருந்தவர்கள் 200 பேருக்கு மேல். வளாகத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடமான கனெக்டிகட் ஹால் 1750க்கும் 1753க்கும் இடையில் எழுந்தது. அதன் வேலையில் அடிமைகளின் கையும் இருந்தது. தத்துவவாதி பிஷப் ஜார்ஜ் பார்க்லி ரோட் ஐலண்டில் அடிமைகளை வைத்து நடத்திய பண்ணையை 1730களில் கல்லூரிக்கு எழுதிவைத்தார், அதன் குத்தகைப் பணம் உதவித்தொகையானது. வடமாநிலங்களில் அடிமைமுறையே இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல்: கனெக்டிகட்டில் அது முழுதாக ஒழிந்தது 1848ல்தான்.

எனக்கு அந்த வரலாற்றிலேயே கனமான பக்கம் 1831. நியூ ஹேவனில் கறுப்பின இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கலாம் என்று சிலர் திட்டமிட்டார்கள். நடந்திருந்தால் நாட்டிலேயே முதல் கறுப்பினக் கல்லூரி அதுவாகியிருக்கும். செப்டம்பரில் ஊர்க்கூட்டம் கூடியது. எதிராக சுமார் 700 வாக்கு, ஆதரவாக 4. எதிர்ப்பை முன்நின்று நடத்தியவர்களில் யேலின் சட்டப் பேராசிரியரும் பழைய மாணவர்களும் இருந்தார்கள். அடிமை வைத்திருந்ததைவிட இதற்குப் பதில் சொல்வது கடினம். ‘அந்தக் காலத்து வழக்கம்’ என்ற சாக்கு இங்கே செல்லாது. அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி நினைத்தவர்கள் எதிரே நின்று கேட்டார்கள், நிறுவனம் சார்ந்தவர்கள் யோசித்துத்தான் வேண்டாம் என்றார்கள்.

மன்னிப்பின் வாசகத்தைப் படிக்கும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும். கடிதத்தின் உடலில் 1831 வருகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் அந்த ஒரு வாக்கியம், ஆரம்பகால வரலாற்றில் யேலின் தலைவர்கள் அடிமைமுறையில் பங்கெடுத்ததோடு நின்றுகொள்கிறது. செய்தவர் பழைய தலைவர், செய்தது அடிமைமுறை, காலம் ஆரம்பகாலம். மூன்று வேலியும் யோசித்துப் போட்டவை. எந்தப் பள்ளி இப்படிக் கடிதம் அனுப்பினாலும் வினைச்சொல்லின் எழுவாயைத் தேடிப் பாருங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று வருகிறதா, ‘நடந்துவிட்டது’ என்று வருகிறதா?

அந்த வேலிக்கு வெளியே விழும் விஷயம் ஒன்று, கால்ஹூன் விவகாரம். ஜான் சி. கால்ஹூன் 1804ல் யேலில் பட்டம் பெற்றவர், அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர், அடிமைமுறை நல்லதே என்று மேடையில் வாதாடியவர். அவர் பெயரை ஒரு மாணவர் விடுதிக் கல்லூரிக்குச் சூட்டியது எப்போது? 1931. அமெரிக்கா முழுக்க அடிமைமுறை ஒழிந்து 66 ஆண்டு கழித்து. 2015ல் சார்ல்ஸ்டனில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் நடத்திய படுகொலைக்குப் பின் பெயரை எடுக்கச் சொல்லி மாணவர்கள் கேட்டார்கள். 2016 ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவர் பீட்டர் சலோவி ஒரு முடிவு சொன்னார்: பெயர் இருக்கட்டும், வரலாற்றை மறைக்கக் கூடாது. விடுதித் தலைவர்களை, அடிமை எஜமானை நினைவூட்டும் ‘மாஸ்டர்’ என்ற சொல்லால் அழைக்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அதே விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர், அடிமைகள் பருத்தி சுமப்பதைக் காட்டும் வண்ணக் கண்ணாடி ஒன்றைத் துடைப்பக் கட்டையால் உடைத்தார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது அவருக்கு. கைது, வேலையிழப்பு, ஊரெல்லாம் பேச்சு. பிறகு வழக்கு கைவிடப்பட்டது, வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆகஸ்டில் பெயர் மாற்ற விதிமுறைகளை வகுக்க ஒரு குழு, 2017 பிப்ரவரியில் கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் பெயர்.

எங்கே தப்பு நடந்தது? அளவுகோல் இல்லாமலே தீர்ப்புச் சொன்னதில். விதியை முதலில் எழுதி, பிறகு அதை வைத்துக் கால்ஹூனை அளந்திருந்தால் பத்து மாதக் கூத்து மிச்சம். சட்டப் பேராசிரியர் ஜான் விட் தலைமையிலான குழு பின்னால் எழுதிய அளவுகோல் நன்றாகவே இருக்கிறது. பெயரை மாற்றுவது அபூர்வமாகத்தான் நடக்க வேண்டும் என்பதில் தொடங்கி நாலு கேள்வி கேட்கிறது. அந்த மனிதர் விட்டுப்போன முதன்மையான மரபு பல்கலைக்கழகத்தின் நோக்கத்தோடு அடிப்படையில் மோதுகிறதா? அவர் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்களா? பெயர் சூட்டியபோது என்ன காரணத்துக்காகச் சூட்டினார்கள்? அந்தக் கட்டடம் மாணவர்கள் கூடிவாழும் வாழ்க்கையில் முக்கிய இடம் வகிக்கிறதா? எந்த ஊர்ப் பள்ளி நிர்வாகமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெயரில் சாதியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நம்மூர்ப் பள்ளிகளுக்கும் பொருந்தும். இதே அளவுகோல் எலிஹு யேலைத் தப்பவிட்டுவிடும் என்பது வேறு கதை. ‘முதன்மையான மரபு’ என்று கேட்டால் அவருக்கு நன்கொடைதான் மிஞ்சும், மெட்ராஸ் அடிக்குறிப்பாகிவிடும்.

பெயருக்கு அடுத்து பட்டம். ஜேம்ஸ் பென்னிங்டன் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1834லிருந்து 1837 வரை யேல் இறையியல் பள்ளி வகுப்புகளுக்குப் போனார். போகலாம், உட்காரலாம். வகுப்பில் வாய் திறக்கக் கூடாது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கக் கூடாது. மாணவர் பதிவேட்டில் பெயர் ஏறாது. அவருக்கும், பின்னால் அதே மாதிரி நடத்தப்பட்ட அலெக்சாண்டர் க்ரம்மெலுக்கும் 2023ல் முதுகலைப் பட்டம் வழங்க யேல் முடிவுசெய்து, செப்டம்பரில் விழா எடுத்தது. செத்து நூற்றைம்பது வருஷம் ஆனவருக்குப் பட்டம் எதற்கு என்று கேட்கலாம்தான். பதிவேட்டில் இல்லாத பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது என் கணக்கில் சின்ன விஷயமில்லை. செலவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவு வரும் இடத்துக்குப் போவோம். 2022 டிசம்பரில் பென்னிங்டன் பெயரில் ஓர் உதவித்தொகையை அறிவித்தார்கள். நியூ ஹேவன் அரசுப் பள்ளியில் முடித்து, வரலாற்று வழிக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அதாவது கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கு, போகும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை, நாலு வருஷம். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், முழு அளவில் ஒரே நேரத்தில் 40 முதல் 50 பேர்.

இந்த வடிவம் தற்செயலானது அல்ல. நியூ ஹேவன் பிராமிஸ் என்று 2010ல் தொடங்கிய ஒரு திட்டம் ஏற்கெனவே உண்டு, பணம் யேலுடையது. 90 சதவீத வருகை, நாலுக்குச் சராசரி 3.0 மதிப்பெண், 40 மணி நேரச் சமூகப் பணி இருந்தால் கனெக்டிகட் மாநிலத்துக்குள் படிக்க உதவி. மாநிலத்துக்குள் என்பதுதான் ஓட்டை. கனெக்டிகட்டில் கறுப்பினக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது, 1831ல் கெடுத்தது யார் என்று மேலே பார்த்தோம். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் பென்னிங்டன் உதவித்தொகை. பழைய தவறுக்கும் புதிய பரிகாரத்துக்கும் நேரடி முடிச்சு இருக்கிறது. இதை வடிவமைத்தவர் யாரோ, நன்றாகப் படித்தவர்.

‘கறுப்பின மாணவர்களுக்கு’ என்று ஏன் நேராக எழுதவில்லை? 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் நிறுவனம் இனத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையும் நிறுத்திவிட்டது. நம்மூர் இட ஒதுக்கீட்டை மனதில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே இனி சமத்துவம் செய்ய நினைக்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு: ஊர், அல்லது வம்சாவளி. யேல் ஊரைப் பிடித்தது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வம்சாவளியைப் பிடித்தது.

தொகையைப் பெருக்கிப் பார்க்கலாம். 50 பேர், ஆளுக்கு 20,000: ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர். யேலின் மூலநிதி, அதாவது நன்கொடைகளை முதலீடு செய்து பெருக்கும் நிதி, 2024ல் சுமார் 4,100 கோடி டாலர். மூலநிதி முழுவதையும் எடுத்துச் செலவழிக்க முடியாது, ஆண்டுக்கு 5.25 சதவீதம் என்ற இலக்கில் எடுக்கிறார்கள், ஆகவே சுமார் 200 கோடி. அதில் இந்த உதவித்தொகை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பிராமிஸ் திட்டமும், 2021ல் ஆறு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டு நகராட்சிக்குக் கொடுத்துவரும் 13.5 கோடி டாலரும் தனி என்பது உண்மை. அந்த 13.5 கோடி, வளாகச் சொத்துக்கு வரி கட்டாத நிறுவனம் நகரத்தோடு பேசித் தீர்த்துக்கொண்ட தொகை. அதை அடிமைமுறைப் பரிகாரத்தில் சேர்த்து எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.

ஜார்ஜ்டவுன் போன வழி வேறு. 1838ல் அந்தக் கல்லூரியை நடத்திய ஏசு சபையினர் தங்கள் அடிமைகள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவுக்கு விற்றார்கள். முதல் தவணையில் 17,000 டாலர் கல்லூரியின் கட்டடக் கடனுக்குப் போனது. விற்பனை ஒப்பந்தத்தில் முதல் பெயர் ஐசக். அவர் பெயரையே 2017ல் ஒரு கட்டடத்துக்கு வைத்தார்கள், விற்பனையை நடத்திய மல்லடியின் பெயரை எடுத்துவிட்டு. பட்டியல் இருந்ததால் சந்ததியினரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் தரும் முன்னுரிமையை அவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி 63 வயதில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தார். 2019ல் மாணவர்களே பருவத்துக்கு 27.20 டாலர் கூடுதல் கட்டணம் கட்டத் தயார் என்று வாக்களித்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. நிர்வாகம் அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை. பதிலுக்கு ஆண்டுக்கு நாலு லட்சம் டாலர் தானே திரட்டுவதாகச் சொன்னது. அந்த நிதியிலிருந்து முதல் உதவிகள் அறிவிக்கப்பட்டது 2023ல். அறிவிப்புக்கும் பட்டுவாடாவுக்கும் நடுவே மூன்று வருஷத்துக்கு மேல். இந்த மாதிரி வாக்குறுதிகளில் ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் விழும்: தொகை இருக்கும், தேதி இருக்காது. யார் முடிவெடுப்பார்கள் என்பதும் இருக்காது. சந்ததியினர் அந்த மேசையில் வாக்கோடு உட்கார்ந்திருக்கிறார்களா, ஆலோசனை சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களா என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மறுபடி மெட்ராஸுக்கு. யேல் வெளியிட்ட வரலாற்றில் ஜார்ஜ் கோட்டை வருகிறது, பரிகாரத்தில் வரவில்லை. காரணம் புரிகிறது. நியூ ஹேவனில் கேட்பதற்குக் கறுப்பின மக்கள் இருக்கிறார்கள், அமைப்பு இருக்கிறது, நகரசபை இருக்கிறது. 1687ல் கப்பலேறிய சோழமண்டல சனங்களுக்காகக் கேட்க யாரும் இல்லை. ஐசக் மாதிரி முதல் பெயர் என்று ஒன்றும் கையில் இல்லை. பேர் இல்லாமல் சந்ததி இல்லை, சந்ததி இல்லாமல் வம்சாவளி வழி அடைபட்டுவிடுகிறது. ஊர் வழி மட்டும் திறந்திருக்கிறது.

அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. கோட்டைக் கவுன்சிலின் அன்றாட ஆலோசனைக் குறிப்பேடுகளை மெட்ராஸ் அரசு அச்சகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுவாரியாக அச்சிட்டது. மூலத்தைப் பார்க்க விரும்பினால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1686லிருந்து 1692 வரை எடுத்து, அடிமை பற்றிய ஒவ்வொரு பதிவையும் பிரித்து, கப்பல் பெயர், தேதி, எண்ணிக்கை, போன இடம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டவணை போடலாம். இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு இரண்டு வருஷ வேலை. பென்னிங்டன் உதவித்தொகையில் ஒரு மாணவருக்கு நாலு வருஷத்துக்கு ஆகும் 80,000 டாலருக்குள் சென்னையில் இதைத் தாராளமாக முடிக்கலாம்.